கேட்டு வைத்த ஜன்னல்

எங்கள் தெருவில் வாய்விட்டுச் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் பல்லக்காவின் புண்ணியத்தில் சிரிக்கிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். என் மேல்வரிசையில் ஒரு முன்பல் அக்கா செய்தது. எது என்று சொல்ல மாட்டேன். நான் வக்கீல், நாள் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிர்த்தரப்பு வக்கீல்களே இதுவரை கண்டுபிடித்ததில்லை.

பல்லக்கா பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அக்காவின் வேலை. பேர் மருத்துவருக்கு, பல் நோயாளிக்கு, தூசி அக்காவுக்கு. அக்காவின் தலைமுடியில் நரை எது, பிளாஸ்டர் தூள் எது என்று அவர் கணவருக்கே தெரியாது. கணவர் பேருந்து ஓட்டுநர். பகல் முழுக்க ஹாரன் அடித்துத் தீர்த்துவிடுவதாலோ என்னவோ, வீட்டில் அவர் சத்தமே இருக்காது. இரண்டு பேருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார்.

பேசுவார் என்பதைவிட, கேட்பார் என்று சொல்வதுதான் சரி. அக்காவுக்கு இந்தத் தொழில் வந்ததே கேள்வியால்தான். பள்ளி முடித்ததும் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனவர், பின்னறையில் பல் செய்துகொண்டிருந்தவரை, இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி என்று துளைத்தெடுத்திருக்கிறார். பொறுக்க முடியாமல் அந்த மனிதர் இவர் கையில் ஒரு மெழுகுக் கட்டியைத் திணித்து, “இந்தா, நீயே செஞ்சு பாரு, என்னை விடு” என்றாராம். அக்கா செய்து பார்த்தார். அன்றிலிருந்து விடவில்லை.

கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு வீட்டின் பக்கவாட்டு அறையில் தனியாகத் தொழிலை ஆரம்பித்தார். ஒரு மேஜை, மெருகேற்றும் மோட்டார், ஒரு ஸ்பிரிட் விளக்கு, சுவர் அலமாரியில் வரிசையாகப் பிளாஸ்டர் வாய்கள். புதிதாக அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் ஒரு நிமிடம் திடுக்கிடுவார்கள். அத்தனை வாயும் திறந்திருக்கும், ஒன்றும் பேசாது. எனக்கு அந்த அறை பிடிக்கும். நீதிமன்றத்தில் நிலைமை நேர்மாறு.

அந்த அறையில் விலை மதிப்புள்ள பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னல். பல் வெள்ளை என்று நாம் நினைக்கிறோம். அக்காவிடம் சொன்னால் சிரிப்பார். “வெள்ளையா இருந்தா அது சுவரு தம்பி, பல்லு இல்ல. பல்லுல மஞ்சள் இருக்கு, சாம்பல் இருக்கு, நுனியில லேசா நீலம்கூட இருக்கு. டீ குடிக்கிறவர் பல்லு ஒரு நிறம், பீடி குடிக்கிறவர் பல்லு ஒரு நிறம்.” மாதிரிப் பற்களைக் கோத்த ஒரு விசிறியை உங்கள் உதட்டருகே பிடித்து, ஜன்னல் பக்கம் உங்கள் முகத்தைத் திருப்பி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். அதற்கு வேண்டியது வெயில் இல்லாத, நிழலும் இல்லாத வெளிச்சம். ஆரம்பத்தில் ஜன்னல் இல்லாமல் குழல் விளக்கில் ஒரு பெண்ணுக்குப் பல் செய்து கொடுத்தார். விளக்கடியில் அச்சு அசலாக இருந்த பல், அந்தப் பெண் வாசலுக்கு வந்து சிரித்ததும் செத்த பல் மாதிரி சாம்பல் பூத்துத் தெரிந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். அடுத்த வாரமே அக்கா சுவரை இடித்து ஜன்னல் வைத்துவிட்டார்.

என் பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், நான் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தபோது, அக்கா கேட்டார்.

“ஏன் தம்பி, எல்லாத்துக்கும் சட்டம் வெச்சிருக்கீங்களே, பல்லுக்கு ஏதாவது சட்டம் இருக்கா?”

விசிறியை எடுக்கும்வரை காத்திருந்தேன். சட்டக் கல்லூரியில் ரோமானியச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. தூங்குவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட பாடம். அதில் தூங்காமல் கேட்ட ஒன்று திடீரென்று நினைவுக்கு வந்தது.

“இருந்துச்சுக்கா. ரோமாபுரியில, ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி. செத்தவங்களோட தங்கத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாதுன்னு ஒரு சட்டம். ஆனா பல்லைத் தங்கக் கம்பியால கட்டியிருந்தா மட்டும் அதை எடுக்க வேண்டாம், அப்படியே போகலாம்னு விலக்கு.”

அக்கா விசிறியை மேஜையில் வைத்துவிட்டார். “அப்ப அங்க ஒரு பல்லக்கா இருந்திருக்கா!”

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து ரோமாபுரி அக்காவின் பக்கத்துத் தெரு ஆகிவிட்டது. வழியில் பார்த்தால், “உங்க ரோமாக்காரங்க வாடகை வீட்டுல இருந்தாங்களா? தண்ணிக் குழாய் இருந்துச்சா?” என்பார். ஜூலை, ஆகஸ்ட் என்று நாம் சொல்வது அந்த ஊர்த் தலைவர்கள் இரண்டு பேரின் பெயர் என்று சொன்னபோது, காலண்டரை முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எவனோ ஒருத்தன் பேரைச் சொல்லித்தான் இத்தனை நாளா கரண்ட் பில் கட்டினேனா?”

இப்படி விளையாட்டாக இருந்த ரோமாபுரி ஒருநாள் அக்காவின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பக்கத்து வீடு இரும்புக்கடைக்காரருடையது. கம்பியும் குழாயும் விற்று நன்றாக வந்தவர். கையில் காசு சேர்ந்தால் சிலருக்குத் தூக்கம் வராது. இவருக்குத் தளம் போடாமல் தூக்கம் வராது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவருக்குச் சொந்தமான ஒரு சந்து உண்டு. துணி உலர்த்துகிற அளவுக்கு இடம். அதில் எல்லைக்கோட்டை ஒட்டி இரண்டு மாடிக்குக் கிடங்கு கட்டப்போவதாகச் சொல்லி, செங்கல்லை இறக்கினார். கட்டினால் அக்காவின் ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு சுவர் நிற்கும்.

அக்கா நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். “உனக்கு விளக்கு வேணும்னா நான் ரெண்டு வாங்கித் தரேம்மா” என்றாராம் அவர். அக்கா நேராக என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. ஆனால் கையில் அந்த நிற விசிறி இருந்தது. மேஜையிலேயே வைத்துவிட்டு வர மறந்திருக்கிறார்.

“சுவர் வந்துட்டா எனக்குத் தொழில் இல்ல தம்பி. வேற இடம் பாக்குற வயசும் இல்ல.”

“பயப்படாதீங்க. வெளிச்சத்துக்கும் உரிமை இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் தடையில்லாம வந்திருந்தா, அது உங்களுக்குச் சொந்தமான மாதிரி. உங்க ஜன்னலுக்கு அதுக்கு மேலயே ஆச்சு. அவர் மறைக்க முடியாது.”

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்றிருப்பார்கள். அக்கா கேட்டது: “இதை யாரு கண்டுபிடிச்சது?”

சொன்னேனே, வழக்கைவிடக் கேள்விதான் அக்காவுக்கு முக்கியம். ரோமாபுரியில் மாடி மேல் மாடியாக வீடுகள் நெருங்கி நின்றதையும், என் வெளிச்சத்தை மறைக்காதே, உன் கூரைத் தண்ணீரை என் வாசலில் சொட்டவிடாதே என்று அவர்கள் அன்றைக்கே கோர்ட்டுக்குப் போனதையும் சொன்னேன். அவர்கள் போட்ட முடிச்சுகளைத்தான் நாங்கள் இன்னும் அவிழ்த்துக்கொண்டும் இறுக்கிக்கொண்டும் இருக்கிறோம் என்றேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். செங்கல் இறங்கியதே மறந்துவிட்டது போலிருந்தது.

“ஒரே ஒரு விஷயம். இப்படி நாள் பட அனுபவிச்சு உரிமையாக்கிக்கணும்னா மூணு தப்பு பண்ணியிருக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க. அடிச்சுப் பிடுங்கியிருக்கக் கூடாது. ஒளிச்சு எடுத்திருக்கக் கூடாது. கேட்டு வாங்கியிருக்கவும் கூடாது.”

அக்காவின் கை கன்னத்தைவிட்டு இறங்கியது.

“கேட்டு வாங்கக் கூடாதா?”

“கூடாது. கேட்டு வாங்கினா அது அவங்க தயவு. தயவை எப்ப வேணாலும் திருப்பி எடுத்துக்கலாம். கேக்காம, உரிமையோட அனுபவிச்சாத்தான் உரிமை.”

இது விசித்திரமான நியாயம் என்று எனக்கும் தெரியும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நாம் கேட்டு வளர்ந்தது. ரோமாபுரிக் கணக்கில் அழுத பிள்ளைக்குப் பால் இல்லை; மரியாதையாகக் கேட்டவன் ஏமாளி, கேட்காமல் உட்கார்ந்தவன் சொந்தக்காரன். படித்த காலத்தில் இதையெல்லாம் நான் யோசித்ததில்லை. பரீட்சைக்கு எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன்.

“நான் கேட்டேனே தம்பி” என்றார் அக்கா.

“யாரை?” என்றேன்.

இரும்புக்கடைக்காரரின் அம்மாவை. அந்த அம்மாள் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்கா புது மருமகளாக வந்த சமயம். பல் செய்கிற பெண் என்றால் தெருவில் முகத்தைச் சுளிப்பார்களாம். செத்தவர் வாயிலிருந்து பிடுங்கிச் செய்கிறாள் என்றுகூட யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த நாளில், சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் போய், உங்கள் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ளட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறார்.

“‘வெளிச்சம் என்ன எங்க வீட்டு எண்ணெயா, அளந்து ஊத்தறதுக்கு? வெச்சுக்கோம்மா’ன்னாங்க. சொன்னதோட விடல தம்பி. அன்னையிலேருந்து ஒரு ஈரப் போர்வையைக்கூட என் ஜன்னலுக்கு நேரா உலர்த்தினது இல்ல. அந்தக் கோடியில கொண்டுபோய், எட்டாத கொடியில, குதிகாலைத் தூக்கித் தூக்கிப் போடுவாங்க. இந்தத் தெருவுல எனக்கு முதல்ல ஒண்ணு குடுத்தது அவங்கதான்.”

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. என் வழக்கின் அடித்தளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு ஒரு மனுஷி இப்படியா பூரிப்பாள்?

“அக்கா, அவங்களும் இல்ல, பாத்தவங்களும் இல்ல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். புரியுதா?”

“கேட்டா?”

“கேட்டா உண்மையைத்தான் சொல்லணும். யாரும் கேக்க மாட்டாங்க.”

கட்டடத்துக்கு இடைக்காலத் தடை வாங்கினேன். வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குரல் வளமுள்ள மனிதர். சட்டம் போகாத இடத்துக்கும் அவர் குரல் போகும். கூண்டில் நின்ற அக்காவை மிரட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேஜையைத் தட்டி ஒரு அதட்டுப் போட்டார்.

“யாரைக் கேட்டும்மா அந்த ஜன்னலை வெச்சீங்க?”

பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. நம் வீடுகளில் யாரைக் கேட்டு எடுத்தாய், யாரைக் கேட்டுப் போனாய் என்றால் திட்டு என்று அர்த்தம். அதற்குத் தலையைக் குனிந்துகொள்வதுதான் மரியாதை. ஆனால் அக்காவிடம் யாரும் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாது. என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று சொன்னவன் நான்.

“இவரோட அம்மாவைக் கேட்டுத்தாங்க வெச்சேன்” என்றார் அக்கா. எண்ணெய் அளப்பதிலிருந்து ஈரப் போர்வை வரை ஒன்று விடாமல் சொன்னார். நீதிபதியம்மா பேனாவை நிறுத்தாமல் எழுதினார். குரல் வள வக்கீலுக்குத் தன் கையில் என்ன விழுந்திருக்கிறது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவர் உட்காருவது போல உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அக்காவைத் திட்டினேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். “வாய் இருக்கே, அதைப் பல் வெக்க மட்டும்தான் ஆண்டவன் குடுத்தானா? மூடவும்தானே குடுத்தான்!” வாசலில் காத்திருந்த ஓட்டுநர் கணவர்தான், ஆச்சரியமாக, வாயைத் திறந்தார். “நடந்ததைத்தானே சார் சொன்னா?”

அந்த வாரம் முழுக்கப் பழைய ரோமானியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். காரியம் இருந்ததால் இந்த முறை தூக்கம் வரவில்லை. கேட்டு வாங்கினால் உரிமை இல்லை என்று முடிச்சுப் போட்டவர்களே அதை அவிழ்க்கவும் ஒரு நுனி விட்டு வைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. நுனி இருந்தது. தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறருக்குக் கொடுக்க முடியாது. அந்த ஊர் வீடுகளில் எல்லாம் குடும்பத் தலைவன் கையில். அப்பா உயிரோடு இருக்கும்வரை தலை நரைத்த மகனுக்குக்கூடச் சொந்தமாக ஒரு செம்பு கிடையாது. அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: அந்த அம்மாளுக்குக் கொடுக்க என்ன இருந்தது?

இரும்புக்கடைக்காரர் கூண்டில் ஏறினார். அவர் வாயிலிருந்து எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்க முடியாது, சீண்டித்தான் வாங்க வேண்டும்.

“உங்க வீட்டுல அம்மா சொன்னதுதான் சட்டம்னு தெருவுல சொல்றாங்களே, உண்மைதானா?”

முகம் சிவந்தது. “யாரு சொன்னது?”

“அவங்க யாருக்கு எதைக் குடுத்தாலும் உங்க அப்பாவோ நீங்களோ மறுவார்த்தை பேச மாட்டீங்களாமே.”

“சார், வீடு எங்க அப்பா பேருல இருந்துச்சு. இப்ப என் பேருல இருக்கு. அம்மா அடுப்படியோட சரி. அவங்களுக்கு அந்த வீட்டுல ஒரு செங்கல்கூடச் சொந்தம் இல்ல. யாருக்கும் எதையும் குடுக்க அவங்க யாரு?”

அவருடைய வக்கீல் இருமினார். பலமாக இருமினார். இரும்புக்கடைக்காரருக்கு வேகம் வந்துவிட்டது. “அம்மா சொன்னதுக்கெல்லாம் எங்க வீட்டுல மதிப்பே கிடையாது சார். எழுதிக்கங்க!”

நீதிபதியம்மா எழுதிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும். நான் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். எனக்கு இருந்த குஷியில் என் பொய்ப்பல் உட்பட எல்லாப் பல்லும் தெரிந்திருக்கும். அக்கா பின்பெஞ்சில் இருந்தார். அவர் முகத்தை நான் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஜன்னலுக்கு வருகிற வெளிச்சத்தை மறைத்து எதுவும் கட்டக் கூடாது. நகல் கிடைத்த அன்றைக்கே, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவின் அறைக்குப் போனேன். மெழுகு வாசனை. அக்கா யாருக்கோ கீழ்வரிசை கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே படித்துக் காட்டினேன். நானே எழுதிய கவிதை மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படித்தேன்.

“‘பிரதிவாதியின் தாயாருக்கு அந்தச் சொத்தில் எவ்வித உரிமையும் இருந்ததில்லை. ஆகவே அவர் அளித்ததாகச் சொல்லப்படும் அனுமதி சட்டத்தின் பார்வையில் அனுமதியே ஆகாது. வாதி எவருடைய தயவுமின்றி, தம் உரிமையாகவே இவ்வெளிச்சத்தை அனுபவித்து வந்திருக்கிறார்.’ இதாங்கா நம்ம வெற்றி!”

அக்கா கத்தியைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

“அதை இன்னொரு தடவை படிங்க தம்பி.”

படித்தேன். இந்த முறை ஏற்ற இறக்கம் தானாகக் குறைந்தது.

“அந்த வரியை மட்டும் எடுத்துட முடியாதா? மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

“அந்த வரி மேலதான் உங்க ஜன்னலே நிக்குது. அதை எடுத்தா அவங்க குடுத்தது உண்மைன்னு ஆயிடும். தயவுன்னு ஆயிடும். நாளைக்கே சுவர் வந்துடும்.”

“அப்ப, அவங்க எனக்கு ஒண்ணும் குடுக்கலைன்னு இருந்தாத்தான் எனக்கு வெளிச்சம்.”

“சட்டப்படி அப்படித்தான்.”

“உங்க ரோமாக்காரங்களுக்கு அம்மாவே கிடையாதா தம்பி?”

எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இதற்கு, இருந்தார்கள், ஆனால் எல்லாம் அப்பன் கையில் இருந்தது, அந்தக் கை இன்னும் நீண்டு வந்து நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது என்று ஏதோ ஆரம்பித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். நீதிபதியும் ஒரு பெண்தான். அவரும்தான் என்ன செய்வார்? பெற்ற பிள்ளை கூண்டில் நின்று சொன்னதை எழுதினார்.

அக்கா தீர்ப்பு நகலை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி அந்த வரியைத் தாமே ஒரு முறை படித்தார். பிறகு மடித்து என் கையில் கொடுத்தார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. எனக்கு ஜன்னல் வேணும், வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா நான் கேட்டேன். அவங்க குடுத்தாங்க. அது நடந்துச்சு.”